வெளிநாட்டு மாமா என்கிற ரெடிமேட் ஆள்

1

ஏற்காடு மலையை விட்டு வந்து இருபது வருடம் ஆன வாரத்தில் என் மகள் ரூத் என்னைப் பார்த்து, "அப்பா, நீங்க யாரா இருக்க ஆசைப்படறீங்க?" என்று கேட்டாள். விளையாட்டுக்குத்தான் கேட்டாள். அவள் நண்பன் ஒருவனுக்குக் காய்ச்சல். ஒரு நாற்காலி காலி.

நாங்கள் இருப்பது நியூசிலாந்தில், வெலிங்டன் நகரத்தில். நான் டவுன் பஸ் ஓட்டுகிறேன். மனைவி லில்லி முதியோர் இல்லத்தில் நர்ஸ். ரூத்துக்குப் பதினாறு வயது. சனிக்கிழமை மதியம் எங்கள் சாப்பாட்டு மேசை அவளுக்கும் அவள் கூட்டத்துக்கும் போய்விடும். நானும் லில்லியும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவோம்.

அது என்ன விளையாட்டு என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. ஒருவர் கதையை நடத்துவார். எங்கள் வீட்டில் அது ரூத். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கேரக்டர் எடுத்துக்கொண்டு அந்தக் கேரக்டராகவே பேசவேண்டும். "முன்னால் ஒரு பாலம். பாலத்தில் ஒருவன் கத்தியோடு நிற்கிறான். என்ன செய்கிறாய்?" என்பாள் ரூத். என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அது நடக்குமா நடக்காதா என்று பகடையை உருட்டிப் பார்ப்பார்கள். அந்தப் பகடைக்கு ஏகப்பட்ட முகம். இதில் ஜெயிக்கிறவர் கிடையாது, தோற்கிறவரும் கிடையாது. மாதக்கணக்காக ஓடும். எங்கள் தெருவில் சாக்கடை தோண்டியதைக்கூட இதைவிடச் சீக்கிரம் முடித்துவிட்டார்கள்.

கேரக்டர் எடுப்பதில் இரண்டு வழி. எல்லோருக்கும் தெரிந்த ஒரு வீரனையோ மந்திரவாதியையோ அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அல்லது நாமே புதிதாக ஓர் ஆளைச் செய்துகொள்ளலாம். இதில் எது நல்லது என்று அந்தப் பிள்ளைகள் போடும் சண்டை இருக்கிறதே, கதைக்குள் போடும் சண்டையைவிடப் பெரிது. ரூத் சொல்வாள்: "தெரிஞ்ச ஆள்னா நாம எதையும் விளக்க வேண்டாம்ப்பா. ஆனா மேசையில இருக்கிற எல்லாருக்கும் அவனைப் பத்தி நம்மளவிட அதிகமாத் தெரியும். வாயத் தொறந்தா, 'அவன் அப்படிச் சொல்லவே மாட்டான்'னு ஒருத்தன் சொல்லுவான். புது ஆள்னா யாரும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனா அவனை யாருக்கும் தெரியவும் தெரியாது. முதல் நிலையில இருந்து ஆரம்பிக்கணும்."

அன்றைக்கு நான் நாற்காலியை நிரப்பவில்லை. எனக்கு மூன்று மணி ஷிப்ட். ஆனால் வண்டி ஓட்டும்போது அவள் சொன்னது கூடவே வந்தது. எங்கள் மலைக் கிராமமான கொட்டச்சேட்டில் என்னை யாரும் 'நீ யார்' என்று கேட்டதில்லை. 'யாரு ஊட்டுப் பையன்' என்றுதான் கேட்பார்கள். 'ரைட்டர் பையனுங்க' என்றால் முடிந்தது. அப்பா எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர், ஆகவே எனக்குக் கூட்டல் தெரியும், நான் திருடமாட்டேன், கொஞ்சம் சோம்பேறி. மூன்றும் அவர்களே முடிவு செய்தது. வெலிங்டனில் முதல் நாள் டிப்போவில், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். அப்படி ஒரு கேள்வி அதுவரை என் காதில் விழுந்ததே இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: "நான் பொறுமைசாலி." இருபது வருடமாக அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

2

திரும்பிப் போய்விடலாம் என்ற எண்ணம் எப்போது வந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு நாள் வந்து உட்கார்ந்துகொண்டது, எழுந்து போகவில்லை. ரூத்துக்கு அடுத்த வருடம் பள்ளிக்கூடம் முடிகிறது. கொட்டச்சேட்டில் அப்பா வாங்கிய காப்பித் தோட்டம் இருக்கிறது. வீட்டை அக்காவுக்கும் தோட்டத்தை எனக்கும் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். இத்தனை வருடமும் திரேசா அக்காதான் இரண்டையும் பார்த்துக்கொள்கிறார். அக்கா கூடவே சவரிமுத்து மச்சான். அவர்களுக்கு மகன் பிரபு, மகள் ஜெனிபர்.

லில்லியிடம் சொன்னேன். அவள் ஷிப்ட் முடிந்து வந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "முதல்ல உங்க அக்காவக் கேளுங்க. அவங்க சரின்னா எங்கிட்ட வாங்க. அவங்க வேண்டாம்னா எங்கிட்ட வர வேண்டிய அவசியமே இல்ல" என்றாள். இன்னொரு சாக்ஸைக் கழற்றினாள். பேச்சு முடிந்தது.

சட்டத்தையும் விசாரித்துவைப்போம் என்று ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். நான் நியூசிலாந்து பாஸ்போர்ட்டுக்கு மாறியவன், இந்திய வம்சாவளிக்காரர்களுக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கிறவன். எதிர்முனையில் ஒரு தம்பி நல்ல பிள்ளையாகப் பேசினார். "விவசாய நிலம், தோட்டம் எதுவும் நீங்க வாங்க முடியாது சார். உங்க அப்பா விட்டுட்டுப் போனது இருந்தா வச்சுக்கலாம்." போனை வைத்தபிறகு யோசித்தேன். அரசாங்கமும் கொட்டச்சேட்டின் கட்சிதான். ரைட்டர் பையனாக இருந்தால் உள்ளே வரலாம், புதிதாக ஓர் ஆளாக வர அனுமதி இல்லை.

டிசம்பரில் ரூத்துக்கு லீவு. லில்லிக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். எதற்குப் போகிறேன் என்று ரூத்திடம் நான் சொல்லவில்லை. அவள் பையில் துணியைவிடப் பகடை அதிகமாக இருந்தது.

3

சேலத்திலிருந்து பஸ்ஸில்தான் ஏறுவேன், கார் வேண்டாம் என்றேன். கொண்டை ஊசி வளைவுகளில் டிரைவர் வண்டியைத் திருப்புவதைத் தொழில்காரன் கண்ணோடு பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த மனிதர் அற்புதமாக ஓட்டினார். ஏற்காட்டில் இறங்கும்போது, வெலிங்டனில் எல்லோரும் செய்வதுபோல, "நொம்ப நன்றிங்க" என்று அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகூட டிரைவருக்கு நன்றி சொல்லாமல் இறங்காது.

டிரைவர் என்ஜினை அணைத்தார். "ஏனுங்க, எதாச்சும் உட்டுட்டீங்களா?"

"இல்லீங்க. சும்மா சொன்னேன்."

"சும்மா எதுக்குங்க?" என்று கண்டக்டரைக் கூப்பிட்டார். கண்டக்டர் என் சீட்டுக்கு அடியில் குனிந்து தேடினார். எதுவும் இல்லை என்று தெரிந்தபின்தான் பஸ் கிளம்பியது. ரூத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்கா வீட்டில் எனக்கென்று ஒரு ஏற்பாடு உண்டு, நான் வரும் ஒவ்வொரு முறையும் அதேதான். கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி. மூடி திறக்காத தண்ணீர்ப் பாட்டில். வெஸ்டர்ன் கக்கூஸ் உள்ள அறை. "உனக்கு ஒத்துக்காது சாமி" என்று பழைய சோற்றை என் பக்கம் வராமல் தள்ளிவிடுவார்கள். எனக்கு ஒத்துக்கொள்ளும். சொன்னால் சிரிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும், "வெலிங்டன்னா குன்னூருக்குப் பக்கத்துலதானுங்க? மாசம் ஒரு தடவ வந்துட்டுப் போகலாமுங்களே" என்பார். முதலில் விளக்கிக்கொண்டிருந்தேன். இப்போது "வேலை ஜாஸ்திங்க" என்று சொல்லிவிடுகிறேன்.

மச்சான் என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "எப்ப கெளம்பறீங்க மாப்ள?" என்றார். வந்தவனைக் கேட்கும் முதல் கேள்வி அது. அதில் குறை ஒன்றும் இல்லை, கறிக்குச் சொல்லிவைக்க வேண்டும் அல்லவா. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு, 'கிளம்பாமல் இருக்கலாம் என்று பார்க்கிறேன்' என்று சொல்ல வாய் எழவில்லை. கிறிஸ்துமஸ் வந்து போனது. நான் சாக்லேட் கொடுத்தேன். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள்.

4

பண்டிகை முடிந்த மறுநாள் பழம் பறிக்க ஆள் வரவில்லை. மதியமே பனிமூட்டம் இறங்கிவிட்டது. ஜெனிபர் சேலத்தில் காலேஜ் படிக்கிறவள். ஓரிடத்தில் சும்மா இருக்கமாட்டாள். ரூத்தின் பகடைகளை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னடி, கண்ணாடியில செஞ்ச நெல்லிக்காயாட்டம்? வெளையாடலாமா?" என்றாள். ரூத் தன் தமிழில் விளக்கினாள். விட்டுப்போன இடங்களை நான் நிரப்பினேன்.

பிரபு முன்வந்தான். தோட்டத்தை இப்போது பார்த்துக்கொள்வது அவன்தான். எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அவன் ஒரு சினிமா நடிகருக்கு ரசிகன். ஆகவே அவன் கேரக்டர் அந்த நடிகரின் படங்களில் வருகிற ஹீரோதான், வேறு பேச்சே இல்லை. ஜெனிபர் புதிதாக ஒருத்தியைச் செய்தாள்: மலையில் ஜீப் ஓட்டுகிற பெண், யாரிடமும் வழி கேட்கமாட்டாள். மச்சானையும் உட்கார வைத்தார்கள்.

"மாமா, உங்களுக்குத் தெரிஞ்ச ஆளா, புது ஆளா?" என்று ரூத் கேட்டாள்.

மச்சான் தாளைத் திருப்பிப் பார்த்தார். "நா நானாவே இருந்துக்கறனே கண்ணு. பேரு சவரிமுத்து. எனக்கு இவனப் பத்தி நல்லாத் தெரியும்."

விதியில் அப்படி இல்லையே என்றாள் ரூத். கூடாது என்று இருக்கிறதா என்றார் மச்சான். அதுவும் இல்லை. தாளில் எழுதிக்கொண்டாள்.

ரூத் கதையைத் தொடங்கினாள். மலை உச்சியில் ஒரு குகை, குகையில் நெருப்புக் கக்கும் ஒரு பெரிய பிராணி.

"அது காப்பிப் பழம் திங்குமா?" என்றார் மச்சான்.

"இல்ல மாமா. மனுசங்களத்தான்."

"இதுவரைக்கும் யாரையாச்சும் தின்னுருக்குதா?"

"இன்னும் இல்ல."

"அப்ப அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும் கண்ணு. நாம எதுக்குப் போயி அதத் தொந்தரவு பண்ணிகிட்டு."

மற்ற இருவரும் அதுதான் சரி என்றார்கள். ரூத் தன் தாள்களில் பாதியை எடுத்துக் கீழே வைத்தாள். கூட்டம் மலையேறாமல் சாலையோடு போனது. சாலையில் ஒரு காட்டெருமை நிற்கிறது என்றாள்.

இங்கே எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். காட்டெருமை எங்கள் பக்கம் கதை இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள் தோட்டத்தில் நிற்கும். பிரபுவுக்கு அதனிடம் எப்படி நடந்துகொள்வது என்று நன்றாகத் தெரியும். ஓடக்கூடாது, முறைக்கக்கூடாது, நிழல் மரத்துக்குப் பின்னால் மெதுவாக நகர்ந்துகொள்ள வேண்டும். "மரத்துக்குப் பின்னாடி போறேன்" என்றான்.

"எது, உங்க ஹீரோவா?" என்றாள் ஜெனிபர். "எந்தப் படத்துலடா அவரு மரத்துக்குப் பின்னாடி போனாரு?"

"ஏய், காட்டெருமைடி."

"யானைய ஒத்தக் கையில நிறுத்துனவரு."

"அந்த ஆளு ஒளிய மாட்டாருடா. மொதல்ல சட்டக் கைய மடிப்பாரு" என்று மச்சானும் சேர்ந்துகொண்டார். தரையில் உட்கார்ந்து காப்பிக்கொட்டையில் கறுத்துப்போனதைப் பொறுக்கிக்கொண்டிருந்த அக்காகூட, "ஆமா, மடிப்பாரு" என்றார்.

வேறு வழியில்லை. பிரபு சட்டைக் கையை மடித்தான். காட்டெருமைக்கு எதிரே போய் நின்றான். பகடையை உருட்டினான். காட்டெருமை அவனைத் தூக்கிக் காப்பிச் செடிக்குள் போட்டது. செத்துப்போனான். "எனக்கு என்ன பண்ணணும்னு தெரியும் மாமா. அந்தாளாலதான் செத்தேன்" என்று என்னிடம் சொன்னான். நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன்.

மிச்சம் இரண்டு பேர் பாலத்துக்கு வந்தார்கள். பாலத்தில் கத்தியோடு ஒருவன். ரூத் இந்தச் சண்டைக்காக வெலிங்டனிலேயே தயார் செய்து வந்திருந்தாள்.

"தம்பி எந்த ஊரு?" என்றார் மச்சான்.

ரூத் என்னைப் பார்த்தாள். நான் உதவி செய்யவில்லை. அவளுக்குத் தெரிந்த ஊர்களில் ஒன்றைச் சொன்னாள். "வாழவந்தி."

"வாழவந்தில யாரு ஊடு?"

"அ... அருள்தாஸ் வீடு."

"எந்த அருள்தாசு? ரேசன்கடைக்கு மேல் ஊடா, கோயிலுக்குப் பக்கத்து ஊடா?"

"கோயில் பக்கத்துல" என்றாள் ரூத், குரல் இறங்கிவிட்டது.

"அட, அவங்க ஊட்டுலதான எஞ் சித்தப்பா பொண்ணக் குடுத்துருக்குது. டேய், நீ எனக்கு மாப்ள மொறையாவணும்டா. கத்திய உள்ள வை."

ஜெனிபர் சண்டைக்குத் தயாராக நின்றவள். "அப்பா, அவன் கொள்ளைக்காரன்ப்பா!"

"இருக்கட்டும் சாமி. நாளைக்கு ஒரு கல்யாணம் காச்சின்னா மூஞ்சியில முழிக்க வேண்டாமா?"

கொள்ளைக்காரன் கத்தியை உள்ளே வைத்தான். அவனுக்கு ஜீப்பில் இடம் கொடுத்தார்கள். கதை அத்தோடு நின்றது. ரூத் தாள்களை அடுக்கிக்கொண்டே என்னிடம், "இவங்க கூட யாரும் சண்டை போடவே முடியாதாப்பா?" என்று கேட்டாள். நெருங்கிய சொந்தமாக இருந்தால் போடலாம் என்றேன்.

5

மறுநாள் மதியமும் பனி. செத்துப்போனவன் இடம் காலி, என்னைக் கூப்பிட்டார்கள். பிரபு வேறு ஆளை யோசித்துக்கொண்டிருந்தான். ஜெனிபர் ஒரு தாளை எனக்கு முன்னால் நகர்த்தினாள்.

"மாமா, உங்களுக்கு ரெடிமேடா இருக்குதுங்க. சும்மா உக்காந்தாப் போதும்."

தாளில் எழுதியிருந்தது: பெயர், வெளிநாட்டு மாமா. பலம், சூட்கேஸ் தூக்கும் அளவு. ஆயுதம், சாக்லேட். பலவீனம், குழாய்த் தண்ணீர். சிறப்புத் திறமை, எதைப் பார்த்தாலும் 'அங்கெல்லாம் இப்படி இல்லை' என்பது. தப்பித்துப் போவது: பகடை உருட்டத் தேவையில்லை, எப்போதும் வெற்றி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திருத்துவதற்கு அதில் எதுவும் இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் எல்லோருக்கும் தெரிந்த ஆளாக இருக்கிற சௌகரியம் அந்தத் தாளில் இருந்தது. நான் அப்படியே உட்கார்ந்திருந்தால் அந்த மதியம் நன்றாகவே போயிருக்கும்.

"இந்த ஆள் வேண்டாம். புதுசா ஒருத்தனச் செய்யறேன்" என்றேன்.

ரூத் வெற்றுத்தாள் எடுத்தாள். "சொல்லுங்கப்பா."

"மலையில பொறந்தவன். நெறைய நாள் வெளியூர்ல இருந்துட்டு, தோட்டம் பாக்கத் திரும்பி வர்றான்."

"எத்தன நாளைக்கு?" என்று கீழிருந்து அக்கா கேட்டார். கை முறத்திலேயே இருந்தது.

"நாள் கணக்கு இல்ல அக்கா. வந்துடறான்."

யாரும் சிரிக்கவில்லை. மச்சான் பகடையை எடுத்து அதன் முகங்களை எண்ணுவதுபோலத் திருப்பிக்கொண்டிருந்தார். ரூத் தாளைப் பார்த்தபடியே, "இந்த ஆளுக்குப் பொண்ணு இருக்காளாப்பா?" என்றாள்.

"இருக்கா. படிப்ப முடிச்சுட்டா. அவளுக்குப் புடிச்ச ஊர்ல இருப்பா. இங்கயும் வருவா."

அவள் எழுதினாள். தமிழில் எழுதினாள், நேரம் பிடித்தது. மகள், உண்டு.

"அவன் எங்க தங்குவான்?" என்றார் அக்கா.

"இன்னும் யோசிக்கல."

"வந்து யாரு தோட்டத்தப் பாப்பான்?"

"அவங்க அப்பா விட்டுட்டுப் போனது."

"இப்ப அத யாரு பாத்துட்டு இருக்கறாங்களாம்?"

பிரபு எழுந்து ஜன்னல் பக்கம் போனான். ரூத்துக்குச் சங்கடமாகிவிட்டது. "நான் வேணா உருட்டிப் பாக்கட்டுமா அத்தை?" என்று பகடையைக் கையில் எடுத்தாள்.

"உருட்டாத கண்ணு. இதுக்கு உருட்ட வேண்டாம்" என்று முறத்தைக் கீழே வைத்துவிட்டு அக்கா எழுந்தார். "களத்துல பழம் நனையுது. பாய் போத்தணும்."

நானும் பின்னால் போனேன். காயப்போட்ட காப்பிப் பழத்தின் மேல் தார்ப்பாயை ஆளுக்கு ஒரு முனை பிடித்து இழுத்தோம். பனியில் அக்காவின் முகம் சரியாகத் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"சாமி, உன்னைய வர வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வராது. வந்தா என்ன ஆவும்னு மட்டும் சொல்றேன், கேளு. பிரபு ஓசூர்ல நல்ல வேலையில இருந்தான். நாந்தான் தோட்டத்துக்கு வரச்சொல்லிக் கூட்டியாந்தேன். ஆளுங்க மொதல்ல அவன மதிக்கவே இல்ல. இப்பத்தான் 'தம்பி சொன்னாச் சரி'ங்கறாங்க. நீ வந்து நின்னயின்னா அத்தன பேரும் உம் மூஞ்சியத்தான் பாப்பாங்க. அது உந் தப்பு இல்ல. தோட்டம் உன்றது. ஆனா எம் பையன் அங்க கூலிக்கு நிக்கறவனாயிருவான்."

"நான் சண்டை போட வரல அக்கா."

"சண்ட போட்டாக்கூடத் தேவலை. ரெண்டு நாள்ல தீந்துரும். நீ நல்லவனா வந்து நிப்ப. அதான் எனக்குப் பயம்."

பாயின் மேல் கல் வைத்தோம். வேறு எவராவது இதைச் சொல்லியிருந்தால் மறுத்துப் பேசியிருப்பேன். அக்கா கல்லை ஒருமுறை காலால் நகர்த்திச் சரியாக வைத்துவிட்டு உள்ளே போனார்.

உள்ளே போனவர் தரையில் உட்காரவில்லை. மேசைக்கு வந்து பிரபுவின் நாற்காலியில் உட்கார்ந்தார். "கண்ணு, இந்த வெளையாட்டுல புது ஆளு எப்பிடி ஆரம்பிக்கணும்?"

"முதல் நிலையில இருந்து அத்தை. எல்லாமே கம்மியா இருக்கும். விளையாட விளையாட ஏறும்."

"அப்ப எழுது. கவாத்து?"

"எனக்குக் கிளை வெட்டத் தெரியும் அக்கா, சின்ன வயசுல..."

"அவனுக்குத் தெரியாது" என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல். "பூச்சியம் போடு. நெழல் மரம் ஏறறது, பூச்சியம். பழம் பறிக்கறது, ஒன்னு. பேச்சு?"

"அதுல தாராளமாப் பத்துப் போடலாம்" என்றார் மச்சான். அவருக்கு மூச்சு திரும்பியிருந்தது.

"மூணு போதும். பேசிட்டே நின்னா ஆளுங்க வேல செய்ய மாட்டாங்க. தங்கறது, தோட்டத்துக் காவல் ஊடு. ஓடு ஒடஞ்சு கெடக்குது, அவனே மாத்திக்கட்டும். அப்பறம், யாரு சொல்றதக் கேக்கணும்?"

அப்படி ஒரு கட்டம் தாளில் இல்லை என்றாள் ரூத்.

"கோடு போட்டுக்க. பிரபு சொல்றத."

ஜன்னலோரம் நின்ற பிரபுவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, சும்மா இருங்க. மாமாவப் போயி..."

"மாமா இல்லடா அது. புது ஆளு." தாளை ரூத்தின் கையில் கொடுத்தார். "சம்மதமான்னு கேளு கண்ணு."

"சம்மதமாப்பா?"

"சம்மதம்."

"உங்கப்பாவ யாரு கேட்டா? அந்த ஆளக் கேளு."

ரூத் திரும்பக் கேட்டாள், இந்த முறை கதை நடத்துகிறவளின் குரலில். நான் அந்த ஆளாக இருந்து யோசித்துப் பார்த்தேன். ஓட்டு வீடு, பூச்சியம், பூச்சியம், ஒன்று. அக்கா மகனுக்குக் கீழே வேலை. அவன் எதற்காக இதற்கு ஒத்துக்கொள்வான் என்று ஒரு கணம் எனக்கே விளங்கவில்லை. அப்புறம், "சம்மதம்" என்றேன்.

"அப்ப..." என்று பிரபு தொண்டையைக் கனைத்தான். "நாளைக்கு ஆளுங்க வர்றாங்க. ஏழரைக்கெல்லாம் களத்துக்கு வந்துருங்க மாமா."

அன்று சாயங்காலம் லில்லிக்குப் போன் செய்தேன். அக்கா சொன்னதை வரிசையாகச் சொன்னேன். "கவாத்துல பூச்சியமா?" என்று கேட்டு நன்றாகச் சிரித்தாள். சிரித்து முடித்து, "யோசிக்கிறேன்" என்றாள். இருபத்தோரு வருடக் கல்யாணத்தில் அவள் யோசிக்கிறேன் என்று சொல்லி மறுத்தது கிடையாது.

6

காலையில் போனேன். பெண்கள் ஏழெட்டுப் பேர் இடுப்பில் பை கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். பிரபு அன்றைக்கு மேல்பக்கத்தில் பறிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு எனக்கும் ஒரு பை கொடுத்தான். அக்கா களத்தில் தார்ப்பாயை விலக்கிப் பழத்தைக் கிளறிக்கொண்டிருந்தார்.

கிளியூர் ராசாத்தி எங்கள் தோட்டத்துக்கு அப்பா காலத்திலிருந்து வருகிறவர். என்னைக் கண்டதும் நேரே என்னிடம் வந்தார். மற்றவர்களும் நின்றார்கள்.

"ஏனுங்க, மலைக்கே வந்தரப் போறீங்களாமா? நொம்ப சந்தோசமுங்க. அப்ப இனி நீங்கதான் சொல்லோணும். மேல்பக்கமுங்களா, கீழ்பக்கமுங்களா?"

அதற்குள் எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை, ஜெனிபர் இருக்கிற வீடு. "பிரபுவக் கேளுங்க" என்றேன்.

"அவரு மேல்பக்கங்கறாருங்க. கீழ பழம் பழுத்து உதுந்துட்டு இருக்குது பாருங்க. நீங்களே பாருங்க."

பார்த்தேன். உதிர்ந்துகொண்டுதான் இருந்தது. கீழ்ப்பக்கம் வெயில் முதலில் விழுகிற இடம், அங்கேதான் முதலில் பறிக்கவேண்டும் என்று எனக்கும் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பிரபு பைக் கயிற்றைத் திரும்பத் திரும்ப முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். களத்தில் பழம் கிளறும் சத்தம் நின்றிருந்தது.

"தம்பி மேல்பக்கம்னா மேல்பக்கந்தானுங்க" என்றேன்.

ராசாத்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்பாவின் பையன் இன்னும் கொஞ்சம் விவரமாக இருப்பான் என்று எதிர்பார்த்திருப்பார்போல. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலே ஏறினார். மற்றவர்களும் ஏறினார்கள். களத்தில் சத்தம் மறுபடி தொடங்கியது.

எனக்கு ஒரு வரிசை கொடுத்தார்கள். பக்கத்து வரிசைப் பெண்கள் இரண்டு செடி முன்னால் போய்விட்டார்கள், அப்புறம் நான்கு செடி. பிரபு ஒவ்வொருவர் பையாகப் பார்த்துக்கொண்டே வந்தான். என் பைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளினான். சிவப்புக்கு நடுவே பச்சை நிறையக் கிடந்தது. என் முகத்தைப் பார்த்தான், மேலே நின்ற பெண்களைப் பார்த்தான். மெதுவாகச் சொல்வானோ என்று நான் காத்திருந்தேன்.

"பச்சக்காய் கெடக்குது மாமா" என்றான், எல்லோருக்கும் கேட்கிற குரலில். "செவப்பயும் செடியிலயே உட்டுட்டு வந்துருக்கீங்க. இந்த வரிசைய மொதல்ல இருந்து பாத்துட்டு வாங்க."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு, வரிசையின் முதல் செடிக்கு இறங்கிப் போனேன்.